தை பிறக்கட்டும் என்று நான்தான் சொன்னேன்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி நாலு வார்த்தை எழுதும்படி மதினி சொன்னார். நல்லதை எழுதுவது எளிது. அதோடு, நான் செய்த தவறையும் எழுத வேண்டியிருக்கிறது.

அண்ணன் பிறந்தது சேரன்மகாதேவியில். எனக்குப் பத்து வயது மூத்தவர். அப்பா காலமானபோது அண்ணனுக்கு இருபது வயது. எங்கள் சோறு அவர் கையில் வந்து சேர்ந்தது. முதலில் லாரி, பிறகு பேருந்து. ஒரு உறவினர் வழியாக இங்கிலாந்து போய் அங்கும் பேருந்துதான் ஓட்டினார். என் கல்யாணத்துக்குப் போட்ட தங்க வளையல்கள் அந்தக் குளிரில் அவர் வண்டி ஓட்டிச் சேர்த்தவை. அங்கே கடன் போட்டு ஒரு சின்ன வீடும் வாங்கினார். பிள்ளை இல்லாத அண்ணனுக்கும் மதினிக்கும் அந்த வீட்டுத் தோட்டம்தான் பொழுதுபோக்கு.

ஓய்வு பெற்றதும், மதினியின் மூட்டுவலிக்குக் குளிர் ஆகாது என்பதால் ஊருக்குத் திரும்பினார்கள். வீடு மூன்று மாதத்தில் விற்றுவிடும் என்று அங்கிருந்த தரகர் சொன்னதை நம்பி, பாளையங்கோட்டையில் வாடகைக்குக் குடியேறினார்கள். மூன்று மாதம் ஒன்றரை வருடம் ஆயிற்று. பார்க்க வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். அண்ணனின் ஓய்வூதியம் அந்த வீட்டுக் கடனுக்கும் வரிக்குமே போனது. குளிர்காலத்தில் ஆளில்லாத வீட்டுக்கும் சூடு போட்டு வைக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் குழாயில் தண்ணீர் உறைந்து வெடித்துவிடுமாம். அதற்கும் இங்கிருந்து பணம் கட்டினார். இங்கே சித்திரை வெயிலில், ஏசி வாங்க மனமில்லாமல், தரையில் தண்ணீர் தெளித்துப் பத்தமடைப் பாயை விரித்துப் படுத்திருந்தார்.

கல்யாண வீடுகளில் அண்ணன் எழுதும் மொய் சிறுத்தது. “லண்டன்ல வீடு வச்சிருக்காவ, கை மட்டும் நீள மாட்டேங்கு” என்று ஒரு வளைகாப்பில் என் காதுபடவே பேசினார்கள். பேசியவர்கள் கைக்கும் இந்த மலர் வரும். வாசிக்கட்டும்.

சும்மா இருக்க முடியாமல் அண்ணன் மேலப்பாளையத்தில் பள்ளிக்கூட வேன் ஓட்டப் போனார். “வெளிநாட்டுல இருந்து வந்துட்டு வேன் ஓட்டுதீயளே அண்ணாச்சி” என்று கேட்டவர்களிடம், “ரோடு எங்கன இருந்தாலும் ரோடுதான வே” என்பார். அவரிடம் ஒட்டிக்கொண்ட பிள்ளைகள் ஏராளம். வேனில் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வாந்தி வரும் என்பது வரை அவருக்குத் தெரியும்.

அந்தக் கார்த்திகையில் நெஞ்சுவலி வந்தது. இதயக் குழாயில் அடைப்பு, அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம் என்றார் மருத்துவர். கையில் பணம் இல்லை. நான் வளையல்களைக் கழற்றி நீட்டினேன். “நான் போட்டத நானே கழட்டவா? மாட்டுட்டி. வீடு வித்துரும், பைய பாத்துக்கலாம்” என்று என் கையைப் பிடித்துத் திரும்பப் போட்டுவிட்டார்.

மார்கழியில் ஒருவர் வீட்டைக் கேட்டார். விலையும் ஒத்துக்கொண்டார். ஆனால் அந்த வாரமே கையெழுத்து வேண்டும் என்றார். அண்ணன் வண்ணார்பேட்டைக் கடையில் காகிதங்களை அச்செடுத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். பேனாவைத் திறந்தும் விட்டார். நான்தான் தடுத்தேன்.

“அம்மா இருந்தா மார்கழில கையெழுத்துப் போட விடுவாளா அண்ணே? பத்து நாள்தான. தை பிறக்கட்டும்.”

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடினார். “சரிட்டி. அம்மா சொன்ன மாதிரி இருக்கட்டும்” என்றார். பொங்கலுக்கு முந்தைய நாள் போன் வந்தது. அந்த ஆள் அதே தெருவில் வேறு வீட்டை வாங்கிவிட்டார்.

மதினியிடமும் உறவினர்களிடமும் விலை படியவில்லை என்றே அண்ணன் சொன்னார். நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தபோது தனியே கூப்பிட்டார். “நீ ஒண்ணும் பேசாத. வீடு இன்னிக்கு இல்லன்னா நாளைக்குப் போவும். ஒன்னைய நாலு பேரு நாலு சொன்னா என்னால தாங்க முடியாது.” நான் பேசாமல் இருந்தேன். அதுதான் என் இரண்டாவது தவறு.

பங்குனியில் ஒரு மாலை, கடைசிப் பிள்ளையையும் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, வேனைச் சாலையோரம் நிறுத்தியிருக்கிறார். என்ஜினை அணைத்திருக்கிறார், கை பிரேக்கும் போட்டிருக்கிறார். ஸ்டியரிங்கில் தலை சாய்ந்தபடி இருந்தவரைத் தூங்குகிறார் என்றே முதலில் நினைத்தார்களாம். அந்த நெஞ்சு இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கக் கூடாதா என்று நான் அழாத நாள் இல்லை. தை பிறந்தது. எங்களுக்குத்தான் வழி பிறக்கவில்லை.

ஆடி மாதம் வேறொருவர் வீட்டைக் கேட்டார். “ஆடியா இருக்கே, ஆவணிக்குத் தள்ளச் சொல்லட்டுமா?” என்று மதினி என்னைத்தான் கேட்டார். “இன்னிக்கே போடுங்க மதினி” என்றேன். மார்கழியில் நடந்த அத்தனையையும் அப்போதுதான் சொல்லி அழுதேன். மதினி கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டு, “இத மலர்ல எழுது. அவுகள கஞ்சன்னு சொன்னவுகளுக்குத் தெரியட்டும்” என்றார். என்னை ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை.

அண்ணனைத் தம் வண்டியிலேயே மருத்துவமனைக்குக் கொண்டு ஓடிய வேன் உரிமையாளர் பாய்க்கும், இறுதி ஊர்வலத்தில் வெயிலில் நடந்துவந்த வேன் பிள்ளைகளுக்கும், வாரம் தவறாமல் அங்கே போய் ஆளில்லாத வீட்டைப் பார்த்துக்கொண்ட இங்கிலாந்துப் பக்கத்து வீட்டு அம்மையாருக்கும், காரியங்கள் முடியும்வரை கூடவே நின்ற அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணனைத் தவறாக நினைத்தவர்கள் இனி என்னை நினையுங்கள்.

அண்ணே, வீடு விற்றுவிட்டது. நீங்கள் கழற்ற விடாத வளையல்கள் என் கையில்தான் இருக்கின்றன.

உங்கள் தங்கை