மாதா பக்கத்துப் பீடம்

ஆலைகள் மூடிய பிறகு, மாசசூசெட்ஸில் எங்கள் போலந்துக்காரர் கத்தோலிக்கக் கோவிலை லாவோஸ் பிக்குகள் வாங்கி மடமாக்கினார்கள். பிரோனியா அக்கா மட்டும் அந்தத் தெருவை விட்டுப் போகவில்லை. நூல் ஆலையில் வேலை செய்த காலத்திலிருந்தே பூசைத் துணிகளை வெளுத்துக் கஞ்சி போட்டுக் கொடுத்தவர் அவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "பீடத்துத் துணிய தேய்க்கவே நேரம் பத்தல. இதுல ஒருத்தன் சட்டைய வேறயா?" என்பார்.

ஒரு வியாழக்கிழமை, உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தவர் கத்தியோடு என் வாசலில் வந்து நின்றார். கோவிலுக்குள் சம்மட்டிச் சத்தம் கேட்கிறதாம். பெரிய பீடத்தில் பதித்திருந்த, விசுவாசத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சியின் எலும்பை ஆயர் இல்லத்தார் முறைப்படி எடுத்துப் போயிருந்தார்கள். மாதா பக்கத்துச் சின்னப் பீடத்திலும் ஒன்று உண்டு. எங்கள் முன்னோர் போலந்திலிருந்து கொண்டுவந்தது. அதையும் எடுத்திருப்பார்கள் என்று நாங்கள் இருந்துவிட்டோம். எடுக்கவில்லை என்பது அக்காவுக்குத்தான் அப்போது உறைத்தது.

"உடைச்சுக் குப்பை வண்டில போட்டுட்டா, நான் எந்த மூஞ்சிய வச்சுகிட்டு சாவேன்?"

ஓடினோம். வாசலில் எல்லாரும் செருப்பைக் கழற்றி விட்டிருந்தார்கள். அக்கா பூட்ஸோடு நுழைந்தார். பீடத்தின் ஒரு மூலை பெயர்ந்து கிடந்தது. கம்பெட் என்ற லாவோஸ் கொத்தனார் மறுபடி சம்மட்டியை ஓங்க, அக்கா போய்க் கல்லின்மேல் கவிழ்ந்துவிட்டார்.

"ஐயோ, இவங்களுக்குப் போலீஸக் கூப்பிடறதா, டாக்டரக் கூப்பிடறதா?" என்றார் கம்பெட்.

மூத்த பிக்கு வந்தார். அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "உள்ள ஒரு வேதசாட்சி இருக்கார், சாமி."

பிக்கு சம்மட்டியை வெளியே அனுப்பிவிட்டு, சிற்றுளியோடு தானே மண்டியிட்டார். சில்லு தெறிக்கும்போதெல்லாம் அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஜெபமாலை பாதியில் நின்று நின்று போனது. கடைசியில் ஈயப் பெட்டி வந்தது. முத்திரை உடையவில்லை.

அக்கா இரண்டு கைகளையும் நீட்டினார். பிக்கு பெட்டியோடு பின்வாங்கினார். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

"அது எங்களோடது," என்றார்.

"சாமி பொம்பளைங்க கையில நேரா எதையும் குடுக்க மாட்டாரும்மா," என்றார் கம்பெட் அவசரமாக.

பிக்கு தரையில் ஒரு மஞ்சள் துணியை விரித்தார். பெட்டியைத் தலைக்குமேல் ஒருமுறை உயர்த்தி அதில் வைத்தார். "எங்க புத்தர் சிலைக்குள்ளயும் இப்படித்தான் பெரியவங்க எலும்ப வச்சு மூடுவோம்," என்றார்.

அக்கா துணியோடு எடுத்து நெஞ்சில் அணைத்துக்கொண்டார். அன்று மாலையே அடுத்த ஊர்ப் பங்குச் சாமியாரிடம் ஒப்படைத்தோம்.

ஞாயிறு பூசை முடிந்ததும் அந்தத் துணியை வெளுத்து, கஞ்சி போட்டு, தேய்த்து மடத்துக்கு எடுத்துப் போனார் அக்கா. இந்த முறை பூட்ஸை வாசலிலேயே கழற்றினார். துணியைத் தரையில் வைத்துவிட்டு விலகி நின்றார்.

கம்பெட் விரலால் தட்டிப் பார்த்தார். "என்னம்மா, பலகை மாதிரி இருக்கு?"

"பீடத்துத் துணின்னா அப்படித்தான் இருக்கும். மத்த துணியையும் எடுத்துட்டு வா," என்றார் அக்கா.