நிற்பவர், வைப்பவர், வராதவர்

ஆமாம், அந்தக் கடைசி அத்தியாயம் நான் கேட்டு எழுதப்பட்டதுதான்.

இதைக் கூட்டத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். காரிமங்கலத்தில் சாதிக் அண்ணனுக்கு அஞ்சலி செலுத்த நாம் கூடிய அன்று, உங்களில் ஒருவர் அவருடைய நாவலின் கடைசி இரண்டு பக்கங்களை வாசித்தார். வரிசையில் காத்திருந்த சனம் கற்களை எடுத்து அலுவலகத்தின் மீது எறிகிறது. கண்ணாடி உடைகிறது. கதவு திறக்கிறது. கைதட்டினீர்கள். சாதிக்கின் நம்பிக்கை என்றீர்கள். அவர் மனைவி பர்வீன் அக்கா தலை நிமிரவே இல்லை. நானும் இல்லை.

அது சாதிக்கின் நம்பிக்கை அல்ல. அவரிடம் அப்படி ஒன்று இருந்ததாக எனக்குத் தெரியாது.

செய்தி வந்தபோது பேருந்தில் இருந்தேன். அதியமான்கோட்டையைத் தாண்டியிருந்தோம். கைபேசித் திரையில் அவர் பெயர். புத்தகம் வந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. அச்சுப்பிழை ஒன்று கண்ணில் பட்டால் உடனே கூப்பிடுவார். எடுத்த எடுப்பில் கேட்டேன்.

"இன்னொரு பிழையாண்ணா? எந்தப் பக்கம்?"

"பக்கம் இல்லம்மா. நான் பர்வீன். அவரு மௌத் ஆயிட்டாரு."

"சரிக்கா" என்றேன். சாவுச் செய்திக்கு ஏன் சரி என்றேன் என்று தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே லாரிகள் நின்றிருந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, வெகுதூரம் வரைக்கும். வரிசை என்று நினைத்தேன். முதலில் வந்த எண்ணம் அதுதான். அவர் நாவல் என்னை அப்படி ஆக்கி வைத்திருந்தது.

புத்தகம் வழியாக மட்டும் அவரை அறிந்தவர்களுக்கு: நாற்பத்தொரு வயது. அவருடைய அப்பா வேனில் ஜவுளி ஏற்றிப் போய்ச் சந்தை சந்தையாக விற்றவர். மகன் தாலுகா அலுவலகத் தெருவில் ஆன்லைன் சென்டர் வைத்தார். ஒரு கணினி, ஒரு பிரிண்டர், கைரேகை வைக்கும் மெஷின், காலொடிந்த ஒன்றையும் சேர்த்து மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். மக்கள் சொல்வதை அரசாங்கத்தின் கட்டங்களுக்குள் தட்டச்சு செய்வது தொழில். கணினி நின்றுபோனால் உருதுவில் திட்டுவார். மனிதர்களைத் தமிழில்கூடத் திட்ட மாட்டார். ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அங்கேதான் நாங்கள் நாலைந்து பேர் படித்ததைப் பேசுவோம்.

பல்கலைக்கழகத்தில் படித்தவள் என்பதால் என்னை "யுனிவர்சிட்டி" என்று கூப்பிடுவார். "வாங்க யுனிவர்சிட்டி, ஒக்காருங்க, அந்த நாற்காலி வேண்டாம், கீழ தள்ளிவுட்டுரும்."

முதல் தடவை அவர் வேலை செய்வதைப் பார்த்தது நினைவிருக்கிறது. எதிரில் ஒரு பெரியவர்.

"பெரியவரே, வூட்டுல கார் இருக்குதுங்களா?"

"காரா? இருந்த சைக்கிளையே மருமவன் தள்ளிக்கிட்டுப் போயிட்டான்."

"சரி, இல்ல. ஏசி?"

"அது யாரு?"

"அதுவும் இல்ல." தட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா, ஒரு நிமிசத்துல இவரு ஏழையாயிட்டாரு. காலைல வரைக்கும் அவருக்கே தெரியல."

நாவல் அங்கிருந்துதான் வந்தது. நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களின் பின்பக்கத்தில் எழுதினார். எழுதி முடித்த தாள்களை என்னிடம் தந்தார். எழுத்தைச் சரிபார்ப்பது, வெட்டுவது என் வேலை என்று நாங்கள் பேசிக்கொள்ளாமலே முடிவாகிவிட்டது. நான் அதை டிஸ்டோபியா, கொடிய எதிர்கால உலகத்தின் கதை, என்று சொன்னேன். அதற்கு ஒரு இலக்கணம் இருப்பதாகப் படித்திருந்தேன். அவர் "நாளைக்குக் கதை" என்றார்.

அவருடைய நாட்டில் ஒரே ஒரு வரிசை. எதற்கென்று யாருக்கும் நினைவில்லை. அரசாங்கம் மக்களை மூன்றாகப் பிரித்திருக்கிறது. நிற்பவர். வைப்பவர். வராதவர். நிற்பவர் வரிசையில் நிற்கிறார். வைப்பவர் தனக்குப் பதில் ஒரு பொருளை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். வராதவர் வர வேண்டியதே இல்லை. எல்லாம் அவர் வாசலுக்குப் போய்விடும். வரிசையின் முனையில் ஒரு குமாஸ்தா. தினமும் காலையில் ஒரு பலகையை வெளியே மாட்டுகிறான். பலகையில் "நாளை" என்று இருக்கும்.

அவ்வளவுதான் அந்த உலகம். எனக்குப் போதவில்லை.

"போலீஸ் எங்கண்ணா? ஜெயில் எங்க? கேமரா ஒண்ணுகூட இல்ல. ஜனங்க எதுக்குத்தான் பயப்படறாங்க?"

"போலீசு எதுக்குங்க? 'நாளைக்கு வா'ன்னு சொன்னாப் போதாதா? அவனே போறான், அவனே வர்றான்."

அந்த வாக்கியத்தை நான் குறித்துக்கொள்ளவில்லை. இப்போது நினைவிலிருந்து எழுதுகிறேன்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கைரேகை முகாம் போட்டார்கள். சாதிக் அண்ணன் மெஷினோடு வந்திருந்தார். முடித்ததும் எங்கள் வீட்டுக்கு டீ குடிக்க அழைத்துவந்தேன். எங்களுக்கு நிலம் உண்டு. தக்காளியும் மாவும். நிலத்தில் வேலை செய்யும் மாதம்மா அப்போது ரேஷன் அரிசியோடு உள்ளே வந்தார். சிவப்பும் வெள்ளையுமாக வயரில் பின்னிய கூடை.

எங்கள் ஊர் ரேஷன் கடையில் அரிசி போடும் நாளன்று விடியும் முன்பே முற்றத்தில் வரிசை வந்துவிடும். ஆட்கள் இருக்க மாட்டார்கள். பை, கூடை, செருப்பு, கல். அவரவர் பொருள் அவரவர் இடம். யாரும் யாருடையதையும் நகர்த்துவதில்லை. அது ஒரு மரியாதை.

"அரிசி உங்களுதுங்களாம்மா?" என்று சாதிக் அண்ணன் கேட்டார்.

"இல்லீங் சார். இந்தப் பாப்பாவூட்டுது. எங்குளுது கல்லுங்க. அரைச் செங்கல்லு. இந்தக் கூடைக்குப் பின்னாடிதான் வெப்பேன்."

"வாங்கிட்டீங்களா?"

"எங்கீங்க. கூடையோட முடிஞ்சிருச்சு. நாளைக்கு வரச் சொல்லிட்டாங்க."

அவர் டீயைக் கீழே வைத்தார். நான் கைபேசியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பேச்சு காதில் விழுந்தது. இன்று இவ்வளவு துல்லியமாக எழுத முடிகிறது என்றால், விழுந்திருக்கிறது.

மூன்று வாரம் கழித்து வந்த அத்தியாயத்தில் ஒரு வயர் கூடை இருந்தது. ஒரு பக்கம் முழுக்க. அதைப் பின்னிய விதம், கைப்பிடியில் சுற்றியிருந்த துணி, அதன் நிழல் பின்னாலிருந்த செங்கல்லின் மேல் விழுவது. பென்சிலால் குறுக்கே கோடு போட்டேன். ஓரத்தில் "தேவையற்ற விவரம்" என்று எழுதினேன்.

அது எங்கள் கூடை என்று எனக்குத் தெரியவில்லை. அது சமையலறை ஆணியில் மாட்டியிருந்தது. தினமும் பார்த்தேன். தெரிந்திருந்தால் அந்தப் பக்கத்தை விட்டிருப்பேனா? அதுவும் தெரியவில்லை.

அவர் கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நீங்க சொன்னாச் சரிங்க" என்றார்.

இனி அவர் எழுதிய முடிவு. இதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

குமாஸ்தாவின் வேலை போய்விடுகிறது. காரணம் கிடையாது. அவனும் வரிசைக்கு வருகிறான். வந்து பார்த்தால் ஆட்களே இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் பைகள், கூடைகள், செருப்புகள், கற்கள். நிற்பவர்கள் எல்லோரும் எப்போதோ வைப்பவர்களாகியிருக்கிறார்கள். அரசாங்கம் அதை அனுமதித்திருக்கிறது. அது முன்னேற்றம் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. அவன் கடைசிப் பொருளைத் தேடி நாள் முழுக்க நடக்கிறான். ஒரு அரைச் செங்கல். அதன் பின்னால் தன் செருப்பைக் கழற்றி வைக்கிறான். வெறுங்காலோடு வீட்டுக்குப் போகிறான். மறுநாள் வந்து பார்க்கிறான். செருப்புக்குப் பின்னால் புதிதாக இரண்டு கற்கள் வந்திருக்கின்றன. அவனுக்கு நிம்மதியாக இருக்கிறது.

அந்த நிம்மதியோடு நாவல் முடிகிறது.

படித்துவிட்டு எனக்குக் கோபம் வந்தது. வாசகர்களை இப்படி விட்டுவிட்டுப் போக முடியாது என்றேன். கலகம் வேண்டும், தோற்கும் கலகமாவது வேண்டும் என்றேன். "இவ்வளவு கல்லு கெடக்குதே அண்ணா. ஒருத்தன்கூட எடுத்து எறிய மாட்டானா?"

"எறிஞ்சா எடம் போயிருமேங்க" என்றார்.

சிரித்தேன். நகைச்சுவை என்று நினைத்தேன். ஒரு மாதம் விடாமல் பேசினேன். பதிப்பாளருக்கும் என் யோசனைதான் பிடித்தது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு தாள்களைக் கொண்டுவந்து கொடுத்தார். நீங்கள் கைதட்டிய முடிவு அதில்தான்.

"உங்க முடிவுங்க, யுனிவர்சிட்டி. நல்லாத்தான் இருக்குது. நடக்காது."

அப்போதே அவருக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தது. புத்தகம் அச்சுக்குப் போகும்வரை எங்கள் யாருக்கும் சொல்லவில்லை. வாரத்துக்கு இருமுறை கடை பூட்டியிருந்தது. பர்வீன் அக்காவோடு பேருந்தில் மருத்துவமனைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். காப்பீட்டு அட்டைக்கு விண்ணப்பித்தார். தகுதி இல்லை என்று வந்தது. வீட்டில் நான்கு சக்கர வாகனம் இருக்கிறது.

அவர் அப்பாவின் வேன். வீட்டுக்குப் பின்னால் நிற்கிறது. சக்கரங்கள் மண்ணில் இறங்கிவிட்டன. மேலே சுரைக்கொடி ஏறியிருக்கிறது. முன்கண்ணாடி இருந்த இடத்தில் காய் தொங்கும். பதிவுச் சான்று இவர் பெயரில். விண்ணப்பத்தில் "உண்டு" என்று தட்டியதும் இவர்தான். இவருடைய சொந்தக் கணினியில். விஷயம் தெரிந்த பிறகு கேட்டேன்.

"ஊருக்கெல்லாம் ரெண்டு தடவ கேட்டுக் கேட்டுப் போடுவீங்களே. உங்களுக்கு இல்லன்னு போட்டிருக்கலாமில்ல?"

"ஊரே பாத்த வேனுங்க அது. எவனாச்சும் போட்டோ புடிச்சுப் போட்டா, சென்டரையே மூடிப்போடுவான்."

"நேர்மைன்னு நெனச்சேன்."

"அதெல்லாம் இல்லீங்க. பயம்."

மேல்முறையீடு செய்தார். வேன் ஓடவில்லை என்பதற்கு ஒரு சான்று கேட்டார்கள். அந்தச் சான்றுக்கு வேனைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார்கள். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் சத்தமாகச் சிரித்தார். "இத எழுதுனா நீங்க கோடு போட்டுருவீங்க. நம்பற மாதிரி இல்லம்பீங்க." ஒவ்வொரு முறையும் போனார். நாளைக்கு வரச் சொன்னார்கள். கத்தவில்லை. கல் எறியவில்லை. எறிந்தால் இடம் போய்விடும். போய்க்கொண்டே இருந்தார். பிறகு பர்வீன் அக்கா அவர் கைபேசியிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

அவர் சாவுக்கும் நாவலுக்கும் முடிச்சுப் போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. முடிச்சு ஏற்கெனவே இருக்கிறது. அவர் உலகத்தில் கொடுங்கோலன் இல்லை என்று குறைப்பட்டேன். அவருக்குத் தேவைப்படவில்லை. எல்லாக் கட்டங்களையும் நிரப்பத் தெரிந்த ஒருவர் தன்னைத் தானே ஒரு கட்டத்தில் போட்டுக்கொண்டார். யாரும் அவரைத் தொடக்கூட இல்லை.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது பர்வீன் அக்கா ஒரு காகித உறையைத் தந்தார். "இது பழைய கடேசி. தூக்கிப்போட மனசு வரல அவருக்கு. உங்ககிட்டயே இருக்கட்டும்."

"அக்கா, அவரு எம்மேல கோவமா இருந்தாராக்கா?"

அவர் யோசித்தார். "கோவம் இல்லம்மா. அந்தப் புள்ள நெஜமாவே எறிவாங்கன்னு நம்புதுன்னு சொல்லுவாரு. சொல்லிட்டு, பாவம்னுவாரு."

பதிப்பாளரிடம் பேசினேன். பிரதிகள் நூலகங்களுக்குப் போய்விட்டன. மறுபதிப்பு வந்தால் பார்க்கலாம் என்றார். வராது. இருவருக்கும் தெரியும்.

அதனால் என்னிடம் இருப்பது இவ்வளவு: நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களின் பின்பக்கத்தில் எழுதிய ஒரு முடிவு. முன்பக்கத்தில் வேறு வேறு ஆட்களின் பெயர்கள், கட்டங்கள், இல்லை, இல்லை, இல்லை. நான் கோடு போட்ட கூடைப் பக்கமும் உள்ளே இருந்தது. கோட்டை அழிப்பானால் அழித்துப் பார்த்தேன். தடம் போகவில்லை. கைப்பிடியில் சுற்றிய துணி என்ன நிறம் என்று அவர் எழுதியிருந்தார். எழுந்து போய் ஆணியில் பார்த்தேன். அதே பச்சை.

இன்று அரிசி போடும் நாள். மாதம்மா விடிவதற்குள் கூடை கேட்டு வந்தார். நானே கொண்டுபோகிறேன் என்று சொல்லிக் கூடையோடு போனேன். முற்றத்தில் பைகளும் செருப்புகளும் கற்களும் இருந்தன. நான் மட்டும் நின்றேன். எனக்கு முன்னால் மாதம்மாவின் அரைச் செங்கல். ஒன்பது மணிக்குக் கடை திறந்தது. சர்வர் இல்லை, மதியத்துக்கு மேல் வாங்க என்றார்கள்.

மாதம்மா ஓடி வந்தார். "நீங்க எதுக்குப் பாப்பா வெயில்ல நிக்கறீங்க? உங்கூட்டுல பாத்தா என்னயத்தான் கேப்பாங்க. நாளைல இருந்து வேலைக்கி வரவேண்டாம்னுட்டா நான் எங்க போவேன்? கூடையக் குடுங்க."

கொடுத்தேன். "உங்க கல்லுக்குப் பின்னாடியே வெச்சிருங்க" என்றேன்.

"அதெப்படிங்க" என்று, கூடையைக் கல்லுக்கு முன்னால் வைத்தார்.

வீட்டுக்கு வந்தேன். இதை எழுத உட்கார்ந்தேன்.