மாமரத்தில் தொங்கிய எஞ்சின்

உரும்பிராயிலிருந்து கோப்பாய்ப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். நகத்துக்குள் கிறீஸ், தோளில் பை. நாலு நாளாக நான் வேலை செய்த வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற தபால் அதிபர், படலைக்கு வெளியே வந்து, "தம்பி, தேத்தண்ணியாவது குடிச்சிட்டுப் போவன்" என்று கூப்பிட்டார். நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அவருடைய கொட்டிலில் என்னிலும் வயது கூடிய கார் ஒன்று நின்றது. அதன் பெற்றோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, வாங்கிவைத்திருந்த ஜப்பான் டீசல் எஞ்சினை வீட்டிலேயே வைத்துப் பூட்ட வேண்டும். கராஜுக்குக் கொண்டுபோனால் ஊருக்குத் தெரிந்துவிடும், கண்ணூறு படும் என்று அவருக்குப் பயம். "எஞ்சின் ஏறினால் கார் ஹயருக்கு ஓடும். ஓட்டுறது நீதான்" என்றார். எனக்கு அது போதும். எட்டாம் வகுப்போடு வெளிக்கிட்டவன் நான். வவுனியாவில் ட்ரக்டர், மன்னாரில் படகு என்று திரிந்ததில் ஒரு லைசென்ஸ்தான் மிச்சம். ஓரிடத்தில் இருந்து செய்கிற வேலை அதுவரை வாய்க்கவில்லை.

மூன்று நாள் காருக்குக் கீழே கிடந்தேன். துருப்பிடித்த நெட்டுகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றுவது, காத்திருப்பது, திரும்ப ஊற்றுவது. ஒன்று தெறித்துக் கன்னத்தைக் கிழித்தது. நாலாம் நாள் காலை காரை மாமரத்தடிக்குத் தள்ளி, கொப்பில் செயின் புளொக்கைக் கட்டி இழுத்தேன். எஞ்சின் மேலே வந்து தொங்கியது. இனிக் காரைப் பின்னுக்குத் தள்ளினால் சரி.

அந்த நேரம் பார்த்து அவர் கனடாவிலுள்ள தம்பிக்கு வீடியோவில் அதைக் காட்டினார். காசு அனுப்பியது அந்தத் தம்பி.

"அண்ணை, உதென்ன தொங்குது?"

"எஞ்சினடா."

"அப்பான்ரை எஞ்சினோ? ஆரைக் கேட்டுக் கழட்டினனீங்கள்?"

"நீதானே காரைச் செய்யச் சொல்லிக் காசு அனுப்பினனி?"

"பெயின்ற் அடிக்க எல்லோ அனுப்பினனான்!"

நான் சங்கிலியைப் பிடித்தபடி, "அண்ணை, கொப்பு வளையுது. காரைத் தள்ளட்டோ?" என்றேன்.

"பொறு தம்பி, லண்டனிலை இருந்து அக்காவும் லைனிலை வாறா."

லண்டனில் அப்போது விடியப்புறம் மூன்றரை. அக்கா நித்திரைக் கண்ணோடு வந்து அழுதார். கலியாணத்தன்று அந்தக் காரில்தான் கோயிலுக்குப் போனவராம். அழுகைக்கு நடுவில் என்னைக் கண்டுவிட்டார்.

"உவர் ஆர்?"

"மெக்கானிக்."

"ஒரு சேர்ட்டைப் போட்டால் என்னவாம்?"

முக்கால் மணி நேரம் மூன்று நாடுகள் கதைத்தன. கொப்பு முறியாததுதான் அன்று நடந்த ஒரே நல்ல காரியம். கடைசியில், பழைய எஞ்சின் திரும்ப உள்ளே போக வேண்டும் என்று முடிவானது. கார் ஓடத் தேவையில்லையாம். அவர்கள் வரும்போது பக்கத்தில் நின்று படம் எடுத்தால் போதுமாம்.

"அப்ப நான் ஓட்டுறது?" என்றேன்.

"ஓடாத காருக்கு ட்ரைவர் என்னத்துக்கு, தம்பி?" தபால் அதிபர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

எஞ்சினை இறக்கி நாலு போல்ற் மட்டும் பூட்டினேன். மிச்சத்தைச் சாக்கில் கொட்டிவிட்டுப் பையை எடுத்தேன்.

கரவெட்டியில் தெரிந்த ஒருவர் வீட்டில் படுத்தேன். மறுநாள் காலை ஒரு மினிபஸ்காரர் ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போய் லைசென்ஸை நீட்டினேன். அவர் அதை வாங்கவேயில்லை.

"ட்ரைவர் இருக்கிறான். வாசலிலை நிண்டு ஆள் ஏத்துவியோ?"

"ஓம்" என்று சொல்லி மிதிபலகையில் ஏறினேன்.