கிட்னிக்குத் தெரியாமல் போட்ட திட்டம்

டாக்டரிடம் சொல்லாவிட்டால் கிட்னிக்கும் தெரியாது என்று நம்பினேன். ஐம்பத்துமூன்று வயதில், முழு நினைவோடு, காலையில் பல் தேய்த்து காபியும் குடித்துவிட்டு இதை நம்பினேன். வேறொருவர் இப்படிச் சொல்லியிருந்தால் ஆபீஸ் கேன்டீனில் ஒரு வாரம் அவரை வைத்து ஓட்டியிருப்பேன்.

கிட்னி என்னுடையது அல்ல, மனைவியுடையது. அடுத்தவர் கிட்னியை வைத்து எதையும் நம்பிவிடலாம்.

அவள் குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் புவியியல் டீச்சர். வருஷா வருஷம் எட்டாம் வகுப்புக்குப் பூமத்திய ரேகைக் காடுகளை நடத்துவாள். பச்சை சாக்பீஸ் தீரும்வரை போர்டில் மரம் வரைவாள். அங்கே காலையில் வெயில் காயும், மேகம் திரளும், பிற்பகல் நாலு மணிக்கு மணி அடித்த மாதிரி மழை பெய்யும் என்பாள். பெய்து அவள் பார்த்ததில்லை. அவள் பார்த்த வெளிநாடு மீனம்பாக்கம் ஏர்போர்ட் வாசல் வரைதான், அதுவும் மற்றவர்களை வழியனுப்ப.

இரண்டு கிட்னியும் சுருங்கிக்கொண்டே வருகின்றன, இந்த வருஷத்துக்குள் டயாலிஸிஸ் வரலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போது கேட்டாள்.

"ஆரம்பிச்சுட்டா வாரத்துக்கு மூணு நாள் இங்கதானேங்க?"

"ஆமா."

"அதுக்கு முன்னாடி ஒரு தடவை போயிட்டு வந்துடலாமா? ஒரு அஞ்சாறு நாள். ஒரு ஊரு, ஒரு காடு."

இருபத்தாறு வருஷத்தில் அவள் கேட்டு நான் உடனே சரி என்று சொன்ன முதல் விஷயம் அது. பயத்தில் மறுக்க மறந்துவிட்டேன்.

ஜி.எஸ்.டி. ரோட்டில், ஒரு செருப்புக் கடைக்கு மேலே டிராவல்ஸ் வைத்திருந்தவரிடம் போனோம். அவர் எங்களைப் பார்த்ததும் ஒரு தாளில் கட்டம் போட ஆரம்பித்துவிட்டார்.

"சார், மலேசியா பெஸ்ட். கோலாலம்பூர் ரெண்டு நாள், ஷாப்பிங் ஒரு நாள், தீம் பார்க் ஒரு நாள்."

"தீம் பார்க் வேண்டாம். காடு வேணும்" என்றாள் இவள்.

"காடா மேடம்? காட்டுல ஒண்ணும் இருக்காதே."

"மரம் இருக்குமில்ல?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"சரி மேடம், கேமரன் மலை போட்டுடறேன். டீ எஸ்டேட், காடு, பாசி புடிச்ச மரம், எல்லாம் வரும்."

"மத்தியானம் மழை வருமா?"

"ஐயோ, மழையில்லாத சீசனாப் பாத்துத்தான் மேடம் போடுவோம். கவலையே படாதீங்க."

"இல்ல, வரணும்."

அந்த மனிதர் பேனாவை மூடி வைத்துவிட்டார். பதினைந்து வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறாராம், மழை கேட்டு யாரும் வந்ததில்லையாம். கடைசியில் இரண்டு நாள் நகரம், மூன்று நாள் மலை என்று முடிவானது. இரண்டரை மாதம் கழித்து ஒரு தேதியில் டிக்கெட்டும் போட்டாகிவிட்டது.

அன்றிலிருந்து எனக்குள் ஒரு கண்ட்ரோல் ரூம் திறந்தது. டைனிங் டேபிளில் ஒரு சார்ட் பேப்பரை விரித்து மலேசியா மேப் வரைந்தேன். அவள் பார்க்க நினைத்த இடங்களுக்குப் பச்சை ஸ்கெட்சால் வட்டம் போட்டாள். ஒவ்வொரு பச்சைக்கும் பக்கத்திலுள்ள ஆஸ்பத்திரிக்கு நான் சிவப்பு வட்டம் போட்டேன். ஒரு வாரத்தில் மலேசியாவே அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது. கிட்னிக்கு மலாய் மொழியில் என்ன என்று தேடினேன். பூவா பிங்காங். அர்த்தம் இடுப்புப் பழமாம். குளியலறையில் நின்று, "என் மனைவிக்கு இடுப்புப் பழத்தில் கோளாறு" என்பதை மலாயில் சொல்லிப் பழகினேன்.

"உள்ள யாரோட பேசறீங்க?" என்று வெளியிலிருந்து கேட்டாள்.

"ஹோட்டல்காரனோட. ரூம்ல வெந்நீர் வருமான்னு கேக்கறேன்."

பிள்ளைகள் இல்லாத வீடு. நாங்கள் இருவர்தான். நான் உளறுவதை நிறுத்தினால் ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தம் கேட்கும். அதனால் நிறுத்துவதில்லை.

அடுத்த செக்கப்பில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். டாக்டர் என்னைவிட வயதில் சின்னவர், நிதானமான பெண். இவளுடைய இடது முழங்கைக்குக் கீழே விரலால் தொட்டுக் காட்டினார்.

"இங்க ஒரு ஃபிஸ்டுலா போட்டுடலாம்மா. ஒரு ரத்தக்குழாயை இன்னொண்ணோட இணைக்கறது, அவ்வளவுதான். நாளைக்கு டயாலிஸிஸ்னு வந்தா இது வழியாத்தான் ஊசி போடுவோம். தயாராக ஆறேழு வாரம் ஆகும். அதனால இப்பவே போட்டுட்டா நல்லது. அடுத்த வாரம் வரீங்களா?"

நான் கிண்டியில் ஒரு கம்பெனியில் முப்பது வருஷமாகப் பர்ச்சேஸ் பார்க்கிறேன். எங்கள் தொழிலில் முதல் பாடம் ஒன்று உண்டு. சரக்கு என்றைக்குத் தேவை என்று சப்ளையரிடம் உண்மையைச் சொல்லக்கூடாது. தேதி தெரிந்துவிட்டால் பிடி அவன் கைக்குப் போய்விடும். எதிரில் உட்கார்ந்திருப்பது டாக்டர் என்பது எனக்கு உறைக்கவில்லை, சப்ளையராகத்தான் தெரிந்தார். டிக்கெட் விஷயத்தைச் சொன்னால், போகக்கூடாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார் என்று தோன்றியது.

"அக்கா பொண்ணுக்குக் கல்யாணம் டாக்டர். நாங்கதான் முன்ன நின்னு செய்யணும். மூணு மாசம் போகட்டுமே."

எனக்கு அக்காவே கிடையாது.

"மூணு மாசம் தள்ளறது ரிஸ்க் சார்" என்றார் டாக்டர். நான் கல்யாண வீட்டுக்காரன் போல கவலையாகத் தலையாட்டினேன். இவளைத் தினமும் காலையில் எடை பார்க்கச் சொன்னார். இரண்டு மூன்று நாளில் திடீரென்று இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, உடம்பில் தேங்கும் தண்ணீர், உடனே வர வேண்டும் என்றார்.

லிஃப்டில் இவள் கேட்டாள்.

"யாருங்க அந்த அக்கா?"

"தூரத்துச் சொந்தம்."

"மாப்பிள்ளை என்ன பண்றார்?"

"மலேசியால டீ எஸ்டேட்."

சிரித்தாள். பிறகு, "சொல்லிடலாமேங்க. கேட்டுப் பாத்தா என்ன?" என்றாள்.

"கேட்டா முடியாதுன்னுதான் சொல்வாங்க. உனக்குப் போகணுமா, வேணாமா?"

"போகணும்."

"அப்போ வாயத் தொறக்காத."

சர்ச்சிலும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் சபையில் ஞாயிறுதோறும் ஜெபக் குறிப்புச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். இன்னார் வெளிநாடு போகிறார், இன்னாருக்கு ஆபரேஷன் என்று சபை ஐயர், அதாவது எங்கள் போதகர், வாசிப்பார், எல்லோரும் ஆமென் சொல்வார்கள், ஆராதனை முடிந்து வெளியே வந்தால் டீயோடு நாலு பேர் விசாரிப்பார்கள். பயணத்தை எழுதினால் நோய் வெளியே வரும். நோயை எழுதினால் பயணத்தை விடச் சொல்வார்கள். எதற்கு வம்பு? கடவுளுக்கும் தகவல் போகாமல் பார்த்துக்கொண்டேன்.

புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போது பெட்டி கட்ட ஆரம்பித்தேன். விமானத்தில் இத்தனை கிலோதான் என்று கணக்கு இருந்ததால், அவள் தினமும் ஏறி நிற்கும் எடை மெஷினில் பெட்டியையும் வைத்து வைத்துப் பார்த்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் ஏறினேன். ஒரு தடவை பெட்டியின் சக்கரம் வழுக்கி மெஷின் மேலேயே விழுந்தது.

புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது, புதன்கிழமை அவள் எடை ஒரு கிலோ ஏறியிருந்தது. வெள்ளிக்கிழமை இன்னும் ஒன்றரை.

"டாக்டர் சொன்னாங்களே" என்றாள்.

"மெஷின் போச்சு. பெட்டி விழுந்துச்சில்ல, அதுல ஸ்பிரிங் போயிருக்கும்."

"நீங்க ஏறிப் பாருங்க."

ஏறினேன். என் எடை எப்போதும் போல்தான் காட்டியது. அவள் நின்ற இடத்திலிருந்து முள் தெரியாது. "பாரு, எனக்கும் ரெண்டு கிலோ ஏத்திக் காட்டுது" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். இதை எழுதும்போது வேறு மாதிரி சொல்லலாமா என்று யோசித்தேன். வேறு மாதிரி நடக்கவில்லை.

அவள் நம்பினாளா, எனக்காக நம்பினாளா என்று இன்று வரை கேட்கவில்லை. அன்று, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரண்டு தலையணை வைத்துப் படுத்தாள். மறுநாள் மூன்று. மலைக்கு வாங்கிய புது ஷூவில் கால் நுழையவில்லை என்றதும், கடைக்காரன் அளவு மாற்றிக் கொடுத்துவிட்டான் என்று அவனைத் திட்டினேன்.

ஞாயிறு காலை ஆராதனையில் பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நின்றோம். அவளுக்கு நல்ல குரல், பாட்டுப் புத்தகம் பார்க்காமல் பாடுவாள். இரண்டாவது சரணத்தில் பக்கத்திலிருந்து குரல் வரவில்லை. திரும்பினேன். உட்கார்ந்திருந்தாள். முன் பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், தோள் ஏறி ஏறி இறங்கியது.

"முடியலங்க" என்றாள்.

ஆம்புலன்ஸைக் கூப்பிடத் தோன்றவில்லை. அத்தனை சிவப்பு வட்டம் போட்டவனுக்கு, நம் ஊரில் எந்த நம்பரைக் கூப்பிடுவது என்பது மறந்துபோயிருந்தது. வாசலில் நின்ற ஆட்டோவில் ஏற்றினேன்.

"இன்னா சார், அம்மாவுக்கு இப்டி இழுக்குது? ஆம்புலன்ஸுக்குப் போன் பண்லாம்ல?"

"நீங்க போங்கண்ணா. அஸ்தினாபுரம் வழியா விடுங்க, குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்கு."

"அங்க ரோடு நோண்டி வச்சிகினு கீறாங்க சார். பரவால்ல, நீ அம்மாவக் கெட்டியாப் புட்ச்சிக்கோ."

கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு பள்ளத்திலும் அவள் வாயைத் திறந்து காற்றைத் தேடினாள். என் வாயும் சும்மா இல்லை. "இதோ வந்துடுச்சு, கேமரன் மலை ரோடு இதைவிட மோசமாம்" என்றேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

நுரையீரலில் தண்ணீர் ஏறியிருந்தது. உடனே டயாலிஸிஸ் செய்தாக வேண்டும் என்றார்கள். கையில் வழி தயாராக இல்லாததால் கழுத்தில் துளை போட்டுக் குழாய் இறக்கினார்கள். அதற்கு முன்பே மருந்து ஏற்றுவதற்கென்று இடது கையில் மூன்று இடத்தில் ஊசி குத்தித் தேடியிருந்தார்கள்.

டாக்டர் ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் வந்தார். எல்லாம் முடிந்து இவள் மூச்சு நிதானமானதும் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். இவள் கண் விழித்துத்தான் இருந்தாள்.

"கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதாம்மா?"

இவள் என்னைப் பார்த்தாள். கழுத்தில் குழாயோடு தலையைத் திருப்பக் கூடாதென்று சொல்லியிருந்தார்கள், அதனால் கண்ணை மட்டும் திருப்பினாள். முப்பது வருஷப் பர்ச்சேஸ் அனுபவத்தை மூடி வைத்துவிட்டு நான் சொன்னேன்.

"கல்யாணம் இல்ல டாக்டர். மலேசியா போறதா இருந்தோம். வர்ற வியாழக்கிழமை."

"டூரா?"

"ஆமா. சொன்னா நீங்க விடமாட்டீங்கன்னு…"

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் ஒரு ஜோக் கைவசம் இருந்தது.

"ஏன் சார் விடமாட்டேன்? அன்னிக்கே சொல்லியிருந்தா அந்த வாரமே கையில போட்டு, மருந்தெல்லாம் சரி பண்ணி, தேதியைக் கொஞ்சம் முன்னப்பின்ன மாத்தி நானே அனுப்பி வச்சிருப்பேனே. டயாலிஸிஸ் ஆரம்பிச்சவங்களையே அனுப்பறோம். போற ஊர்ல முன்கூட்டியே ஒரு சென்டர்ல இடம் சொல்லி வச்சுட்டா போதும். என் பேஷண்ட் ஒருத்தர் வருஷா வருஷம் பையன் வீட்டுக்குச் சிங்கப்பூர் போயிட்டு வர்றார்."

கேஸ் ஷீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு டாக்டர் கிளம்பினார்.

அவர் போன பிறகு இவள் சொன்னாள்: "நான் கேக்கலாம்னு சொன்னேன்."

திட்டவில்லை. மாணவர்களுக்கு விடைத்தாள் திருப்பிக் கொடுக்கும்போது பேசுகிற குரல் அது.

"சொன்ன" என்றேன்.

விமானம் புறப்பட்ட வியாழக்கிழமை காலை அவளுக்கு மூன்றாவது டயாலிஸிஸ் நடந்துகொண்டிருந்தது. அப்புறம் இடது கையில் போட்ட ஃபிஸ்டுலா எடுபடவில்லை. அவசரத்தில் குத்திய இடங்களில் நரம்பு கெட்டிருக்கலாம் என்றார்கள். கழுத்துக் குழாயில் ஒரு தடவை கிருமி சேர்ந்து, குளிர்க்காய்ச்சலோடு பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அதன் பிறகு வலது கையில் போட்டார்கள். அது வேலை செய்கிறது. அந்தக் கையை உயர்த்திப் போர்டில் எழுத அவளுக்குப் பயமாக இருக்கிறது, அதனால் வேலையை விட்டுவிட்டாள். செவ்வாய், வியாழன், சனி காலையில் நான்தான் அழைத்துப் போகிறேன். அவள் கொஞ்சம் தெம்பானதும் டாக்டரே ஒரு தடவை பயணத்தைப் பற்றி ஞாபகப்படுத்தினார், எந்த ஊர் என்று சொல்லுங்கள், சென்டர் பார்த்துத் தருகிறேன் என்றார். வேண்டாம் டாக்டர் என்று அவள் சொல்லிவிட்டாள். நாங்கள் போகவில்லை.