ஆட்டுப் பரணும் கொல்கத்தாக் கட்டிலும்

ஆட்டுக்குப் பரண் கட்டித் தருவது என் தொழில். நாமக்கல், ராசிபுரம் பக்கம் ஆடு வளர்ப்பவர்களைக் கேட்டால் என்னைச் சொல்வார்கள். தரையிலிருந்து நாலடி உயரத்தில், இடைவெளி விட்டுச் சட்டம் அடித்தால் புழுக்கையும் மூத்திரமும் கீழே விழுந்துவிடும், ஆடு காய்ந்த இடத்தில் நிற்கும், குளம்பு அழுகாது. அப்படிப்பட்டவனுக்குக் கொல்கத்தாவில் என்ன வேலை என்று கேட்பீர்கள். என் தங்கை கவிதா கூப்பிட்டாள், போன மே மாதம் போனேன்.

கவிதாவின் வீட்டுக்காரருக்கு அங்கே துறைமுகத்தில் வேலை. பெஹாலாவில் ஒரு சந்தில், தரைத்தளத்தில் குடியிருக்கிறார்கள். அந்தச் சந்தில் போல்ட்டு என்று ஒரு தெருநாய். செம்பட்டை நிறம், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். மார்ச்சில் அதன் பின்னங்காலில் ஒரு கார் ஏறிவிட்டது. கவிதாதான் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய், ஜோகாவுக்கு அப்பால் இருக்கும் ஒரு நாய்க் காப்பகத்தில் சேர்த்தாள். எலும்பு கூடிவிட்டது. தோல் உரிந்த புண்தான் ஆறவில்லை, ஏனென்றால் காப்பகத்தின் தரை எந்நேரமும் ஈரம்.

"மழை புடிக்கறதுக்குள்ள புண்ணு காயலைன்னா காலை எடுத்தாகணும்னு டாக்டர் சொல்லிட்டாருண்ணா. நீ வந்து ஒரு பரண் கட்டிக் குடு" என்றாள் போனில். அவள் லேசில் எதையும் வாய்விட்டுக் கேட்கிறவள் இல்லை. அன்றைக்கே டிக்கெட் போட்டுவிட்டேன்.

சென்னையிலிருந்து காலை ஏழு மணிக்குக் கிளம்பும் கோரமண்டலில் போனேன். கிட்டத்தட்ட 1,660 கிலோமீட்டர். மூன்றடுக்கு ஏசியில் ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம். இப்போது அந்த வண்டி ஹௌராவுக்குப் போவதில்லை, ஷாலிமாரோடு நின்றுவிடுகிறது. தெரியாமல் ஹௌராவில் ஆளை நிற்க வைத்துவிடாதீர்கள், என் தங்கை மாப்பிள்ளை அப்படித்தான் நின்றார். ஷாலிமாரிலிருந்து பெஹாலாவுக்கு மஞ்சள் டாக்ஸியில் 400 ரூபாய். டிரைவர் 600 கேட்டார். நான் தமிழில் பேரம் பேசினேன், அவர் வங்காளியில் பேசினார், எப்படியோ அந்த 400-க்கு ஒத்துப்போனோம்.

தங்கை வீட்டில் நுழைந்ததும் கட்டிலில் முட்டியை இடித்துக்கொண்டேன். கட்டிலின் நாலு காலுக்கும் அடியில் மூன்று மூன்று செங்கல். உட்கார்ந்தால் கால் தரையில் பாவவில்லை. அடியில் அரிசி டிரம், பெட்டிகள், பழைய டேபிள் ஃபேன் என்று ஒரு குடித்தனமே இருந்தது. இதில் ஏற ஏணி எங்கே என்று கேட்டுச் சிரித்தேன். இங்கே எல்லா வீட்டிலும் இப்படித்தான், போன மழைக்கு வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது, கட்டில் மட்டும்தான் தப்பித்தது என்றாள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அங்கேயே விடை என் முட்டியில் இடித்ததை நான் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் காப்பகத்துக்குக் கிளம்பினோம். பெஹாலா சௌராஸ்தாவிலிருந்து ஜோகாவுக்கு மெட்ரோ, பத்து ரூபாய். அங்கிருந்து மூன்று கிலோமீட்டர், பேட்டரியில் ஓடும் டோட்டோ வண்டியில் ஆளுக்கு இருபது. டோட்டோக்காரர் இடத்தின் பெயரைக் கேட்கவே இல்லை. கவிதாவின் கையிலிருந்த பழைய போர்வை மூட்டையைப் பார்த்தார், நாய் வீடுதானே என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

காப்பகம் என்றால் தகரம் வேய்ந்த இரண்டு நீளக் கொட்டகைகள், பின்னால் ஒரு மீன்குட்டை. நடத்துகிறவர் மிதா தீதி; தீதி என்றால் அக்கா. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கொட்டகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எட்டுகிற குரல். அறுபது நாய்களுக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றின் பெயரையும் எந்தத் தெரு என்பதையும் மனப்பாடமாகச் சொல்கிறார், ஏனென்றால் குணமானதும் எடுத்த தெருவிலேயே திருப்பி விட வேண்டும். வேறு தெருவில் விட்டால் அங்கிருக்கும் நாய்கள் கடித்துக் குதறிவிடும். சுத்தத்துக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது, தினம் இரண்டு வேளை கழுவுகிறார்கள். கழுவுவதுதான் வம்பே. தரைக்கு வாட்டம் இல்லை. கழுவின தண்ணீர் போக வழியில்லாமல் மூலைக்கு மூலை நின்றது. போல்ட்டு அதில்தான் படுத்திருந்தான். கவிதாவின் குரலைக் கேட்டதும் வாலால் தண்ணீரை அடித்தான்.

நான் உடனே அளவெடுக்க ஆரம்பித்துவிட்டேன். அங்கே பூஜைப் பந்தல் போடும் ஆட்கள் மூங்கிலில் புலிகள். இரண்டே நாளில் நான் சொன்னபடி மூங்கிலைப் பிளந்து, அரை அங்குலம் இடைவெளி விட்டு, இடுப்பளவு உயரத்தில் அருமையான பரண் கட்டிவிட்டார்கள். மிதா தீதி டீயும் ரசகுல்லாவும் கொடுத்தார். நான் போட்டோ எடுத்து ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

அப்புறம் போல்ட்டுவைத் தூக்கி அதன்மேல் விட்டோம்.

அவன் குனிந்து இடுக்கு வழியாகக் கீழே பார்த்தான். கால்கள் கிடுகிடுவென்று ஆடின. நிற்கத் தெரியாமல் நாலு காலையும் பரப்பினான். விரல் இடுக்கில் மாட்டிக்கொள்ள, வீல் என்று கத்திக்கொண்டு அங்கிருந்து குதித்துவிட்டான். பாதி ஆறிய புண் பிளந்து ரத்தம் கொட்டியது. மற்ற நாய்களில் ஒன்றுகூட அதன் பக்கம் வரவில்லை, பிஸ்கட் வைத்துக் கூப்பிட்டும் வரவில்லை. ஆட்டுக்குக் குளம்பு, நாய்க்கு விரல். இருபது வருஷமாகப் பரண் கட்டுகிறவனுக்கு அது தோன்றவில்லை. இருபது வருஷமாகக் கட்டினதால்தான் தோன்றவில்லை போலும்.

டாக்டர் வந்து மறுபடி தையல் போட்டார். இது ஈரம் படாமல் பத்து நாள் இருக்க வேண்டும், இன்னொரு தடவை பிளந்தால் என்னிடம் கேட்காதீர்கள், காலை எடுப்பதுதான் வழி என்று சொல்லிவிட்டுப் போனார். மிதா தீதி தரையில் சிந்திய ரத்தத்தைக் கழுவ வாளியை எடுத்தார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை.

மெட்ரோவில் திரும்பும்போது கவிதா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். சௌராஸ்தா வரும் சமயம் என் பக்கம் திரும்பினாள். "நான் இந்த ஊருக்கு வந்தப்ப ஒரு வார்த்தை பாஷை தெரியாதுண்ணா. அந்தச் சந்துல என்கிட்ட மொதல்ல வந்து நின்னது அவன்தான். அவன் காலு போறதுக்கு நானே ஆள் கூட்டிட்டு வந்த மாதிரி ஆயிடக் கூடாது."

ஆள் நான்தான்.

மறுநாள் மத்தியானம் செருப்பில் ஒன்றைக் காணோமென்று கட்டிலுக்கு அடியில் தலையை விட்டேன். அரிசி டிரம்முக்கும் செங்கலுக்கும் நடுவில் கிடந்தது. எடுத்துக்கொண்டு நிமிரும்போது கட்டில் பலகையில் மண்டையை இடித்துக்கொண்டேன். முட்டி சொன்னதை இரண்டாவது தடவை மண்டை சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. இடுக்கில்லாத பலகை. அடியில் செங்கல். தண்ணீர் அதன்பாட்டுக்குக் கீழே நிற்கட்டுமே! போல்ட்டு ராத்திரியில் எங்கே படுப்பான் என்று கவிதாவைக் கேட்டேன். டீக்கடை மர பெஞ்சின் மேல்தான் என்றாள். கேட்டுவிட்டு வந்து கட்டியிருக்க வேண்டியது.

பழைய பலகைக் கட்டில் இருந்தால் கொடுங்கள் என்று கவிதா குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். அந்த ஊரில் அதைச் சௌக்கி என்கிறார்கள், வீட்டுக்கு வீடு ஒன்று மொட்டைமாடியில் மக்கிக்கொண்டு கிடக்கிறது. முதலில் கொடுத்தவர் மாடி வீட்டு பௌதி, அதாவது அண்ணி. அவரை அந்தச் சந்தே அப்படித்தான் கூப்பிடுகிறது. தேக்குக் கட்டில், அவருடைய மாமியாருடையது. மாமியார் இருந்தவரைக்கும் மருமகளை அதில் ஒரு நாள் உட்காரவிட்டதில்லையாம். நாய்க்கென்றால் சந்தோஷமாகத் தருகிறேன், எடுத்துக்கொண்டு போங்கள் என்றாராம். கவிதா மொழிபெயர்த்துச் சொல்வதற்குள் பௌதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மாலைக்குள் ஒன்பது கட்டில் சேர்ந்தது. ஒரு சின்ன லாரியில் ஏற்றிப்போனோம், 900 ரூபாய். கால்களை அறுத்துக் குட்டையாக்கி, மரம் தண்ணீரில் ஊறாமல் காலுக்கு இரண்டு செங்கல் மேல் நிறுத்தி, மேலே சாக்கு விரித்தோம். நொண்டும் நாய் குதிக்க வேண்டாமென்று என்னுடைய பரணைப் பிரித்து, அந்த மூங்கிலிலேயே சாய்வுப் பாதை அடித்து, இடுக்கு தெரியாமல் சாக்கு சுற்றினேன். கடைசியில் என் பரண் படிக்கட்டாகவாவது உதவியது. போல்ட்டுவை இந்தத் தடவை யாரும் தூக்கவில்லை. முகர்ந்தான், ஒரு காலை வைத்துப் பார்த்தான், பௌதியின் கட்டிலில் ஏறி மூன்று சுற்றுச் சுற்றிப் படுத்தான். மிதா தீதி என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். கவிதா மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

இப்படி உதவப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கிளம்புவதற்கு முன்பே டாக்டரைப் பார்த்து வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். மே மாத வெயில் ஆளை உரித்துவிடும், போனால் காலை பத்து மணிக்குள் வேலையை முடியுங்கள், இல்லையென்றால் டிசம்பரில் போங்கள். மெட்ரோ சனி, ஞாயிறு எப்படி ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிஸ்கட் பாக்கெட்டைவிடப் பழைய போர்வை, சாக்கு, துண்டுதான் அங்கே தங்கம். அடிபட்ட நாயைத் தெருவில் பார்த்தால் நம் வீட்டு மாத்திரையைக் கொடுக்காதீர்கள், தூக்குவதற்கு முன் அந்தத் தெருக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அதற்கு அங்கே ஒரு பெயரும் நாலு வீடும் இருக்கும். கைத்தொழில் தெரிந்தவர்கள் தாராளமாகப் போங்கள். ஆனால் சுத்தியலை எடுப்பதற்கு முன் ஒரு நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்து பாருங்கள். என்னைப் போல் போன கையோடு டேப்பை நீட்டாதீர்கள்.

நான் ஊர் திரும்பிக் கொஞ்ச நாள் கழித்து அங்கே மழை பிடித்தது. கவிதா ஒரு படம் அனுப்பினாள். கொட்டகை முழுக்கக் கணுக்கால் தண்ணீர். கட்டிலுக்கு ஏழெட்டு நாய், ஒன்றின்மேல் ஒன்று தலை வைத்துத் தூங்குகின்றன. தேக்குக் கட்டிலில் போல்ட்டு மல்லாந்து கிடக்கிறான். புண் இருந்த இடத்தில் ரோஸ் நிறத்தில் புதுத் தோல், பின்னங்கால் இரண்டையும் ஒய்யாரமாக நீட்டியிருக்கிறான். பக்கத்தில், புடவையை நனையாமல் தூக்கிச் செருகிக்கொண்டு, மாமியார் கட்டிலில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார் பௌதி.