கண்ணாடிப் பெட்டிக்குள் பவானி

1996 ஜூலை நீண்ட வார இறுதியில் நாங்கள் மல்வேர்னிலிருந்து டிட்ரோயிட் பக்கம் போனதற்குக் காரணம் ஒரு பித்தளை இடியப்ப உரல். மனைவி பவானி தன் தங்கை சாந்திக்கு அதை இரவல் கொடுத்து நாலு வருடம். "இந்தமுறை உரல் இல்லாமல் திரும்பி வரமாட்டன்" என்று சொல்லித்தான் வான் வண்டியில் ஏறினாள்.

காலை ஆறுக்கு வெளிக்கிட்டோம். 401 நெடுஞ்சாலையில் வின்ட்சர் வரை ஏறக்குறைய 390 கிலோமீற்றர். எல்லையில் முக்கால் மணி நேரம் என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அதற்கப்பால் அரை மணி நேரத்தில் சாந்தி வீடு. ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். சகலன் நேசன் இதையும் வாசிப்பார்.

நேசன் வீட்டில் இரண்டு கார் நிற்கும் கராஜ். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் மனிதர் சனிக்கிழமைகளில் நகர அருங்காட்சியகத்தில் சம்பளமில்லாத வழிகாட்டி! வைக்கோல் தொப்பி, தோளில் வார் மாட்டிய காற்சட்டை. பழைய ரயில் நிலையம்தான் அருங்காட்சியகம். நுழைவு இரண்டு டொலர். சகலனென்று கழிவு கிடையாது.

முதலில் ஒரு மரக்குடிசை, பிறகு மாவு ஆலை, பிறகு ரயில், கடைசியில் கார்த் தொழிற்சாலைக்காரர்களுக்கு வரிசை வரிசையாக வீடுகள். நகரத்தின் கதையை நேசன் ஆங்கிலத்தில் பொழிந்தார். பத்துப் பதினைந்து வெள்ளைக்காரர் வாய் பிளந்து கேட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. மல்வேர்னைப் பற்றி யாராவது கேட்டால், எந்த பஸ் பிந்தும் என்பதைத் தவிர எனக்கு என்ன தெரியும்?

என் பக்கம் திரும்பி, "அண்ணை, நாங்கள் வரேக்க உது முழுக்கக் காடு" என்றார்.

"நீர் வந்தது தொண்ணூற்றொண்டில, ஐசே. அப்ப உதில பர்கர்க் கடை இருந்தது."

கடைசி அறை, புதிதாகக் குடியேறியவர்கள் கொடுத்த பொருட்களுக்கு. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள், விளக்கு வெளிச்சத்தில், எங்கள் உரல்! விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து. கலியாணத்துக்கு வாங்கிய பாத்திரங்களில் பெண்ணின் பெயரைக் கடைக்காரர் வெட்டித் தருவாரே, அதேதான். நேசன் எங்களைப் பார்க்காமலே, அது வீட்டைக் காக்கும் பழைய தமிழ் வாழ்த்து என்று விளக்கினார்.

"இஞ்சாருங்கோ, உது என்ர உரல் எல்லே!" என்றாள் பவானி. எங்களோடு வந்திருந்த சாந்தி மெல்லக் கழிவறைப் பக்கம் நழுவினாள். நான் சண்டைக்கு ஆவலாகக் காத்திருந்தேன். உள்ளதைச் சொன்னால், பெட்டியை உடைப்பாள் என்றுகூட ஆசைப்பட்டேன்.

அதற்குள் ஒரு வெள்ளைக்காரக் கிழவி கண்ணாடியைத் தொட்டு, அந்த எழுத்தை வாசிக்க முடியுமா என்று பவானியைக் கேட்டாள்.

பவானி சேலையைச் சரிசெய்துகொண்டாள். தன் நெஞ்சைத் தொட்டு, ஆங்கிலத்தில் "மீ" என்றாள்.

அந்த அறை முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்தது. கிழவி அவளோடு நின்று படமெடுத்தாள். கமெராவைப் பிடித்தது நான்.

திரும்பி வரும்போது வானில் உரல் இல்லை. "அங்கயே இருக்கட்டும். சாந்தி புதுசு வாங்கித் தரட்டும். நேசன் என்ர பேரைச் சரியாய் எழுதி வைக்கட்டும்" என்றாள். 401இல் வழியில் வரும் லண்டன் ஊரைத் தாண்டும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

போகிறவர்களுக்கு: எல்லைக்குச் சில்லறையும் பொறுமையும் கொண்டுபோங்கள். இரவல் கொடுக்கும் எதிலும் பெயர் வெட்டுங்கள். எங்கள் வீட்டில் என் பெயர் வெட்டிய சாமான் ஒன்றுகூட இல்லை என்பது அன்றிரவுதான் எனக்கு உறைத்தது. மறுநாளே ஒரு குறட்டில் வெட்டுவித்தேன். அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் யாராவது குடியிருந்தால் சொல்லுங்கள், இரவல் தருகிறேன். திருப்பித் தரவே வேண்டாம்.