படலையில் கொழுவிய மீன்

என் கணவருக்கு மீன் பிடிக்கத் தெரியும். கறிக்கு மீன் பொறுக்கத் தெரியாது. கரையிலிருந்து வரும்போது முள் நிறைந்ததையே தேடிப்பிடித்துக் கொண்டு வருவார். நான் திட்டுவேன். அவர் சிரித்துக்கொண்டே சைக்கிளை வேலியில் சாத்துவார். மன்னார்ப் பக்கம் வங்காலை ஊரில் எங்கள் வீட்டுக் காலை இப்போது இப்படித்தான் தொடங்குகிறது. இந்தச் சண்டைக்காக நான் ஆண்டவருக்கு நன்றி சொல்லாத நாள் இல்லை.

இடையில் ஒரு காலம் அவர் கரைப் பக்கமே போகவில்லை. காய்ச்சலும் இல்லை, காயமும் இல்லை. சுவரைப் பார்த்தபடி படுத்தே கிடந்தார். சாப்பாட்டுக் கோப்பை வைத்த இடத்திலேயே ஆறிப்போகும். மாமியார் கோயிலுக்கு நேர்த்தி வைத்தார். அயலில் ஒருவர் கண்ணூறு என்றார். இன்னொருவர் சோம்பல் என்றார். அவருக்கு நான் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது. ஆனால் அது என்ன நோய் என்று எனக்கும் தெரியவில்லை.

ஒரே படகில் போகிற அவருடைய தம்பிமார் இருவரும் தங்கமான பிள்ளைகள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தொழிலுக்குப் போகிறவன் இறந்துவிட்டால், அவனோடு படகில் போனவர்கள் கொஞ்சக் காலத்துக்கு அந்த வீட்டுக்குக் கறிக்கு மீன் கொடுப்பார்கள். கூப்பிட்டுக் கொடுக்க மாட்டார்கள். பையில் போட்டு வாசல் படலையில் கொழுவிவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுவார்கள். அந்த வீட்டுப் பெண் கைநீட்டி வாங்கக் கூடாது என்கிற மரியாதை அது. அண்ணன் கூச்சப்படக் கூடாதென்று தம்பிமாரும் அப்படியே செய்தார்கள். விடிந்தால் படலையில் மீன் இருக்கும். நானும் ஒன்றும் யோசிக்காமல் எடுத்து வந்து கறியாக்கினேன்.

ஒருநாள் காலை பையோடு உள்ளே வந்தபோது அவர் திரும்பிப் பார்த்தார்.

"செத்த வீட்டு மீன் வந்திட்டுது," என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு விளங்கியது. இத்தனை நாளும் உயிரோடு இருக்கிற மனிதனுக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து துக்க வீடு நடத்தியிருக்கிறோம்! சாவைப் பற்றி வாயெடுத்துக் கேட்டால் அந்த நினைப்பை நாமே உண்டாக்கிவிடுவோம் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். ஆனால் அது ஏற்கெனவே எங்கள் வீட்டில் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டது. பையை நிலத்தில் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் இருந்தேன்.

"இஞ்சருங்கோ, சாகவேணும் எண்டு நினைக்கிறீங்களோ?"

"ஓம்," என்றார். "கன நாளா. ஒருத்தரும் கேக்கேல்லை."

இருவரும் அழுதோம். மீனைப் பூனை கொண்டுபோனது.

அவரைத் தனியே விடாமல் சின்னத் தம்பியை வரச்சொன்னேன். ஆபத்தான பொருள்களை எல்லாம் தம்பி எடுத்துப்போய்த் தன் வீட்டில் பூட்டினார். அன்றைக்கே மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் ஒரு பெண். அவர் இதை மனச்சோர்வு என்றார். காய்ச்சலைப்போல இதுவும் ஒரு வருத்தம்தான், மருந்தால் மாற்றலாம் என்றார். "நேரா கேட்டது நல்லது அம்மா. கேக்கிறதால அந்த எண்ணம் வராது. இனியும் கேளுங்கோ," என்றார்.

ஆஸ்பத்திரியால் வந்ததும் தம்பியிடம் மீன் விஷயத்தைச் சொன்னேன். அவர் விம்மிவிட்டார்.

"அண்ணி, நாங்கள் அப்பிடி நினைச்சுச் செய்யேல்லை."

"தெரியும் தம்பி. இனிக் கொழுவாதேங்கோ. கறி வேணுமெண்டா உங்கட அண்ணனே கரைக்கு வந்து எடுக்கட்டும்."

அன்றிலிருந்து தம்பி படலையில் நின்று, "அண்ணை, மீன் பொறுக்க வாங்கோ!" என்று ஊரே கேட்கக் கத்துவார். பல நாள் இவர் எழும்பவில்லை. மருந்து மெதுவாகத்தான் வேலை செய்தது. எனக்கோ பொறுமை என்பது பிறப்பிலேயே இல்லை. பிறகு ஒருநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். பை நிறைய முள் மீனோடு வந்தார். வாய் நிறையத் திட்டினேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

இப்போது மறுபடி கடலுக்குப் போகிறார். ஞாயிறு பூசை முடிந்து நடந்து வரும்போது, சாப்பிட்டீர்களா என்று கேட்பதுபோல, அந்த நினைப்பு வந்ததா என்று கேட்பேன். "இல்லை" என்பார். ஒருமுறை "கொஞ்சம்" என்றார்; மறுநாளே கிளினிக்குக்குப் போனோம்.

போன ஞாயிறும் கேட்டேன். "இல்லை," என்றவர் கொஞ்சத் தூரம் நடந்து நின்றார்.

"உனக்கு எப்பவாவது வந்ததோ?"

என் வாய் ஊருக்கே தெரியும். ஆனாலும் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

"ஒருக்கா," என்றேன். "நீங்கள் படுத்துக் கிடக்கேக்க."

அவர் என் கையைப் பிடித்தார். கோயில் சனம் பார்க்கப் பார்க்கப் பிடித்தார்.

"அடுத்த கிளினிக்குக்கு ரெண்டு பேரும் காட்டுவம்," என்றார்.

அன்று மீனை அவரே வெட்டிக் கழுவினார். செதில் பாதி அப்படியே இருந்தது. நான் ஒரு வார்த்தை திட்டாமல் சாப்பிட்டேன்.